பெட்ரோல் ரசீதைக் கசக்கிப் போடாதீங்க!

மார்ச் மாதம் வந்தால் மண்ணடி, சவுக்கார்பேட்டை கடைகளில் ஒரே தேடல். "பெட்ரோல் ரசீது எங்கே?" என்று ஆடிட்டர் கேட்பார். "அதையெல்லாம் யாரு சார் எடுத்து வெச்சாங்க?" என்று முதலாளி தலையைச் சொறிவார். செலவு செய்தது நிஜம். காட்டத்தான் காகிதம் இல்லை!

வியாபாரத்துக்கென்றே செய்த செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெட்ரோல், ரிப்பேர், இன்ஷூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் இதில் அடக்கம். வண்டியின் விலையை மட்டும் ஒரேயடியாகக் கழிக்க முடியாது. தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவிகிதம். 80 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு முதல் வருஷம் 12 ஆயிரம். மறுவருஷம் மீதி 68 ஆயிரத்துக்கு 10,200. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான்.

காலையில் சரக்கு ஏற்றும் அதே வேன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போகிறது. அந்தப் பங்கைத் தள்ளிவிட்டுத்தான் மீதியைக் கேட்கலாம். முழுசையும் கடைக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. போலீஸ் போட்ட ஹெல்மெட் அபராதத்தையும் 'வியாபாரச் செலவு' என்று எழுதும் கெட்டிக்காரர்கள்கூட இருக்கிறார்கள்! அது செல்லாது.

இவர்களை அதிகாரிகள் பிடிக்கட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நேர்மையாகச் செலவழித்தவரும் அல்லவா அடிபடுகிறார்? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, அந்தச் செலவு கழிவாகாது. லாரி வாடகைக்கு மட்டும் 35 ஆயிரம். 2017 வரை பொது வரம்பு 20 ஆயிரமாக இருந்தது. விலைவாசி ஏறுகிறது, வரம்பு இறங்குகிறது! என்ன கணக்கோ இது? பழைய வரம்பையாவது அரசு திருப்பித் தர வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்கிற சில்லறை வியாபாரிக்கும் வழி இருக்கிறது. விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் குறைந்தது 8 சதவிகிதத்தை லாபமாகக் காட்டலாம்; பாங்க் வழியாக வந்த பணத்துக்கு 6. அதற்கப்புறம் பெட்ரோல், தேய்மானம் என்று தனியாகக் கேட்கக் கூடாது. ரெண்டையும் எழுதிவிட்டு நோட்டீஸ் வந்ததும் முழிப்பதில் பிரயோஜனமில்லை.

ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு சரி.

கடைக்காரர் செய்ய வேண்டியது சின்ன வேலை. வண்டியிலேயே ஒரு நோட்டு. தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர். பங்க் ரசீதில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.