நிலக்கரி மின்சாரத்தின் விலையில் சாம்பலையும் சேருங்கள்
எண்ணூர் அனல்மின் நிலையங்கள் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றிக் குவிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பலை அகற்றி முடிக்கும்வரை, அந்த வட்டாரத்தில் புதிதாக ஒரு நிலக்கரி அலகுக்கும் அனுமதி தரக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலக்கரி மின்சாரம் மலிவானது என்று காட்டும் கணக்கில் செலவின் ஒரு பகுதி எழுதப்படாமலே விடுபடுகிறது என்கிறோம். விடுபட்ட அந்தத் தொகையைக் கொசஸ்தலை ஆறும் அதை நம்பிப் பிழைக்கும் மக்களும் கட்டிவருகிறார்கள்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 650 கிராம் நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 30 முதல் 45 சதவீதம்வரை இருக்கும். 35 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் யூனிட்டுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் மிஞ்சுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை முழுக்க நிலக்கரியில் எடுத்தால் வீட்டுக்கு 23 கிலோ சாம்பல் சேரும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களும் வல்லூர் நிலையமும் சேர்ந்து 4,130 மெகாவாட் நிறுவுதிறன் கொண்டவை. அவை முழுவீச்சில் ஓடினால், இதே கணக்கின்படி, மணிக்குச் சுமார் 940 டன் சாம்பல் வெளியே வரும். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலப்பது தனிக்கணக்கு.

இந்தச் சாம்பல் இரண்டு வழியாகப் போகிறது. புகையிலிருந்து பிடிக்கப்படும் உலர் சாம்பலைப் பல்கர் லாரிகள் சிமென்ட் ஆலைகளுக்கு ஏற்றிச் செல்கின்றன. கொதிகலனின் அடியில் தங்குவதும், லாரி ஏறாமல் மிஞ்சுவதும் தண்ணீரில் கரைக்கப்பட்டு, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்குத் தள்ளப்படுகின்றன. குழாய் துருப்பிடித்து இணைப்பு விட்டுப்போகும் இடத்தில் சாம்பல் குழம்பு நேராக உப்பங்கழியில் இறங்குகிறது. படியும் சாம்பலால் ஆற்றின் ஆழம் குறைகிறது. சேற்றில் கை தடவி இறால் பிடிப்பவர்களின் விரலில் சாம்பல் அப்புகிறது. ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை சாம்பலோடு சேர்ந்தே வருபவை. கோடையில் குட்டை காய்ந்தால் அதே சாம்பல் காற்றேறி ஊருக்குள் வருகிறது. பூண்டி ஏரியின் உபரிநீர் கடல் சேரும் வழியும் இந்த ஆறுதான் என்பதால், ஆழம் குறைவது மீனவர்களின் பிரச்சினையோடு நிற்காது. வடசென்னையின் வெள்ளப் பிரச்சினையும் அதுவே.

சட்டம் இல்லாமலா இது நடக்கிறது? சாம்பலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற முதல் அறிவிக்கை 1999-லேயே வந்துவிட்டது. காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2021 டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட அறிவிக்கையில், பயன்படுத்தாமல் விடும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று விதிக்கப்பட்டது. டன்னுக்கு ஆயிரம் என்றால் கிலோவுக்கு ஒரு ரூபாய். சாம்பல் முழுவதும் தேங்கினால் யூனிட்டுக்கு 23 பைசா. இது அரசே போட்ட விலை. ஆற்றைத் தூர்வாரும் செலவும் மருத்துவச் செலவும் இதில் இல்லை. 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-இல் 400 ரூபாயான தூய எரிசக்தி வரியும், 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறிவிட்டது. நிலக்கரியின் பெயரில் வாங்கிய பணம் நிலக்கரி கெடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் அப்போதே அற்றுப்போனது.

சாம்பலும் சரக்குதானே, செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் விலைபோகிறதே என்பார்கள். உலர் சாம்பலைப் பொறுத்தவரை உண்மை, அதை வரவேற்கிறோம். ஆனால் ஆலைகள் விரும்புவது தூளாக, உலர்ந்து இருக்கும் புதுச் சாம்பலை. குட்டையில் நீரோடு ஊறிக் கிடக்கும் பழைய சாம்பலை அள்ளி, உலர்த்தி, ஏற்றும் செலவை ஏற்க யாரும் முன்வருவதில்லை. சாலைகளுக்கு மண் கொட்டும் இடத்தில் அதைப் பயன்படுத்தலாம். போக்குவரத்துச் செலவை அனல்மின் நிலையம் ஏற்றால்தான் அது நடக்கும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் தேவை பற்றியது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் மாலையில் மறைகிறது. காற்று மே முதல் செப்டம்பர்வரைதான் வலுவாக வீசுகிறது. இந்த இடைவெளி மெய்யானது. அதனால்தான் ஓடும் நிலையங்களை நாளைக்கே மூடச் சொல்லவில்லை. ஆனால் இடைவெளி சில மணி நேரத்துக்கு உரியது. புதிய நிலக்கரி அலகோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு உரியது. காற்று மிகுந்த நாட்களிலும் அதை ஓரளவுக்குக் கீழே தணிக்க முடியாது. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் காடம்பாறையில் 1980-களிலிருந்தே இயங்குகிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்குப் பணி நடக்கிறது. மாலை நேரத் தேவைக்கு முதலீடு அந்தத் திசையிலும் மின்கலத் தொகுப்புகளிலும் செல்ல வேண்டும். அணைக்கும் சூரியத் தகட்டுக்கும் அவற்றுக்கான பாதிப்புகள் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் கிலோ கழிவை அவை கொட்டுவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. எண்ணூரில் திட்டமிடப்பட்டுள்ள 660 மெகாவாட் விரிவாக்கத்தைக் கைவிட வேண்டும். ஆற்றிலும் சதுப்பிலும் படிந்த சாம்பலை அகற்றக் காலவரையறையும் நிதியும் ஒதுக்கி, பணியின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வெளியிட வேண்டும். அந்தப் பணிக்கான கண்காணிப்புக் குழுவில் செப்பாக்கம், காட்டுக்குப்பம் கிராம மக்களும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நிலக்கரியையும் சேமிப்புடன் கூடிய காற்று, சூரிய மின்சாரத்தையும் ஒப்பிடும்போது, சாம்பலைக் கையாளும் முழுச் செலவையும் நிலக்கரியின் பக்கம் எழுத வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் நிலக்கரி மலிவு என்று நிறுவ முடிந்தால், கணக்கை மக்கள் முன் வையுங்கள். விவாதிக்க நாங்கள் தயார்.