இறாலும் துலாக்கோலும்

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் நம் கரையோரம் இலங்கை இறால் வளர்ப்பின் நடுவிடமாகும். 1996இல் வெண்புள்ளி நோய் இங்குள்ள பண்ணைகளைப் பாழாக்கிற்று. அது வைரசால் விளைவது. குளோரம்பெனிக்கோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அதனைத் தீர்க்கா. மேலும், அம்மருந்து அரிதாகச் சிலரது என்புமச்சையைக் கெடுக்கவல்லது. ஆதலின் உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதனை ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் விலக்கியது. எனினும் 2001இல் ஆசிய இறால்களில் அதன் எச்சம் அகப்பட்டது.

அகப்படுத்தும் முறை வியத்தற்குரியது. இறாற்சதையின் சாற்றைத் திரவக் குரோமற்றோகிராபி கூறுகூறாகப் பிரிக்கும். திணிவு நிறமாலைமானி மூலக்கூறுகளை அவற்றின் திணிவு கொண்டு இனங்காட்டும். 2022 நவம்பர் முதல் ஒன்றியம் நடவடிக்கைக்கு வகுத்த அளவு கிலோவுக்கு 0.15 மைக்கிரோகிராம், அதாவது ஆயிரம் தொன் இறாலில் 0.15 கிராம்!

இத்துலாக்கோலைப் பகையென அஞ்சுதல் தகாது. மருந்து கலவாத பண்ணையாளனுக்கு அதுவே நற்சான்று. ஆயின் ஏற்றுமதி வாயிலில் மட்டும் அது நிற்றல் போதாது. பொருள் முழுவதையும் இழக்குமுன், அறுவடைக்கு முன்னரே, சிறு பண்ணையாளனும் தன் இறாலைச் சோதித்தறிய வழி வேண்டும். அச்சோதனையின் பொருளை அவனுக்கு நற்றமிழில் விளக்கும் பணியை, விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் இவ்விழா ஆண்டில் ஏற்பாராக. கற்ற கல்வி ஊருக்குப் பயன்படுதலினும் சிறந்த விழா வேறுண்டோ?