சாவியைக் கொடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். மீசை அரும்பாத பையன் ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருவார்கள். முழங்கை உரிந்திருக்கும், தாடை கிழிந்திருக்கும். ‘‘எப்படி அடிபட்டுச்சு?’’ என்பார் டியூட்டி டாக்டர். ‘‘ரோட்டுல மணல் கிடந்துச்சு சார், வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு’’ என்பார் அப்பா. ‘‘யார் ஓட்டினது?’’ என்றால்தான் தொண்டை அடைக்கும். ‘‘இவன் பின்னாடி உட்கார்ந்திருந்தான் சார்!’’

பழி மணல் மேல். சரி, வண்டிச் சாவி பையன் கைக்கு எப்படி வந்தது? அதுவும் ஸ்லிப் ஆகி வந்ததா?

5 முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் சாலை விபத்துக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ கொசுவுக்குப் பயந்து ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டு, பதினாலு வயசுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து ‘‘தயிர் வாங்கிட்டு வாடா’’ என்கிறோம். பெருமை வேறு... ‘‘ஒன்பதாவதுதான் படிக்கிறான், சூப்பரா ஓட்டுவான்!’’

ஆக்ஸிலேட்டரை யார் திருகினாலும் வண்டி ஓடும் சார். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிக்கத்தான் வயசு வேண்டும். வண்டி ஓட்ட 18 வயசு ஆகவேண்டும். கியர் இல்லாத, 50 சிசி-க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 என்கிறது சட்டம். அதை மீறினால், 2019-ல் வந்த திருத்தத்தின்படி மாட்டுவது நீங்கள்தான். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கோ 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

நான் காமர்ஸ் படித்தவன். வரவு செலவு பார்ப்போமா? வரவு, தயிர்க் கடைக்கு நடக்காததால் மிச்சமான பத்து நிமிஷம். செலவு, ஒரு காலோ ஒரு பரீட்சையோ ஓர் உயிரோ. எதிரே வந்தவருக்கு அடிபட்டால், லைசென்ஸ் இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அப்படியே கொடுத்தாலும், அதை உங்களிடமே வசூலிக்கப் பார்க்கும். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். அதற்குப் பிறகும் தொடரும் வலியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

‘‘டியூஷன் விட ஒன்பது மணியாகுது, பஸ் இல்லையே?’’ என்பீர்கள். நியாயம். பஸ் கேட்டு ஒரு மனுவாவது கொடுத்தீர்களா? பதினோராம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. நமக்கு அது கௌரவக் குறைச்சல்! பள்ளிக்கூடங்களும் லேசுப்பட்டவை அல்ல. ‘மாணவர்கள் டூ வீலரில் வரக்கூடாது’ என்று போர்டு மாட்டியிருக்கும். பக்கத்து டீக்கடை வாசலில் இருபது வண்டி நிற்கும். அது மட்டும் யார் கண்ணிலும் படாது.

இன்று ராத்திரி அந்தச் சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டுமே. கட்டுப் போட்ட முகத்தைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்!