அரியணை தாங்கும் விசுவாசம்

ஏர்க்காட்டு மலையில் மஞ்சக்குட்டைச் சாலை வழியே ஞாயிறு திருப்பலிக்கு நடந்து செல்பவரை, "உன் சமயத்திற்கு அரசனின் அனுமதி உண்டா?" என்று எவரும் மறிப்பதில்லை. அவ்வுரிமையின் அருமையை மறந்தோம் போலும்! ஆளுவோரின் ஆதரவு இருந்தால்தான் திருச்சபை தழைக்கும் என்னும் பேச்சு நம் பொதுநிலையினரிடையே எழுகிறது. இதை நான் மறுக்கிறேன். சான்றுக்குத் தரங்கம்பாடி ஒன்றே போதும்.

1620-இல் டேனியர் கால்கொண்ட துறைமுகம் அது. 1665-ஆம் ஆண்டின் அரசச் சட்டம் டென்மார்க் மன்னரைக் கடவுள் ஒருவருக்கே கணக்குக் கொடுப்பவராக்கியது. லுத்தரன் நெறியைக் காப்பதையும் அவர் கையில் ஒப்படைத்தது. 1683-ஆம் ஆண்டுச் சட்டமோ, இயேசு சபையாரும் துறவியரும் மன்னரின் நாடுகளில் காணப்பட்டால் மரண தண்டனை என்றது. ஆயினும் வணிகம் நடந்த தரங்கம்பாடியில் கத்தோலிக்கர் பொறுத்துக்கொள்ளப்பட்டனர். அரசனின் விசுவாசம் கணக்கேட்டின் முன் வளைந்தது!

அம்மன்னரே அனுப்பிய சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கினார். ஏழைக் கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசினார். எதிர்வழக்காடியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுநர் ஹாசியுசின் சினம் மூண்டது. 1708-இல் சீகன்பால்கு டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். அரசமுத்திரை அவரைக் காக்கவில்லை.

"அச்சுக்கூடமும், 1715-இல் நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடும் மன்னர் தயவல்லவா?" என்பர். அச்சுப்பொறியை அனுப்பியது லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். தமிழ் எழுத்துகளை வார்த்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். மன்னர் செய்தது வேறு: 1845-இல் தரங்கம்பாடியையும் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார். நற்செய்தி அரசனின் கைப்பொருளானால் அதற்கும் ஒருநாள் விலை பேசப்படும்.

பிறரை மட்டும் குறை கூறல் தகாது. போர்ச்சுகல் அரசின் ஆதரவுரிமையால், இந்நாட்டில் யார் ஆயராவது என்பதையே அம்மன்னர் முடிவு செய்த காலம் நமக்கும் உண்டு. அதனால் எழுந்த பூசல்கள் தலைமுறைகளைப் பிளந்தன.

டேனிய அரசச் சட்டத்திற்குச் சரியாக 300 ஆண்டுகளுக்குப் பின், 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் மனித மாண்பிலிருந்தே பிறக்கிறது என அறிவித்தது. மன்னரின் கொடையன்று அது, மனச்சான்றின் உரிமை.

ஆகவே, திருவிழா மேடையில் ஆளுவோருக்கு நடு இருக்கை இடுமுன் நாம் எண்ணுவோம். சிலுவையைத் தாங்கத்தான் நாம் அழைக்கப்பட்டோம். அரியணையின் நிழலில் ஒதுங்க அல்ல.