விற்றவருக்குப் பாதுகாப்பு, செத்தவருக்கு?

மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்க ராணுவம் நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும். அப்படி இருப்பவை இரண்டே கடைகள். ஆனாலும் அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். எங்கிருந்து வருகின்றன இத்தனை துப்பாக்கிகள்? 2014 முதல் 2018 வரை அங்கே பிடிபட்டு, பூர்வீகம் தேடப்பட்டவற்றில் 70 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து போனவை. டெக்சாஸ், அரிசோனா கடைகளில் ஒருவர் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கிறார். இன்னொருவர் தெற்கே கடத்துகிறார். லாபம் எல்லைக்கு வடக்கே, பிணம் தெற்கே.

நீதி கேட்டு 2021இல் மெக்சிகோ அரசு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டது. நிறுவனங்களுக்குக் கேடயமாக நின்றது, 2005இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். துப்பாக்கியால் பிறர் செய்யும் குற்றத்துக்கு, தயாரித்தவரும் விற்றவரும் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது.

நாடாளுமன்றம் போட்ட பூட்டை நாடாளுமன்றம்தான் திறக்க வேண்டும் என்கிறோம் நாம். முடியாத காரியமல்ல. 2022இல் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பின், இரு கட்சியினரும் சேர்ந்து துப்பாக்கிக் கடத்தலைத் தனிக் குற்றமாக்கினார்கள். கட்சி எல்லையைத் தாண்டியவர்கள் நாட்டு எல்லையையும் தாண்டட்டும். இரு நாட்டு உறுப்பினர்களும் ஒரே மேசையில் உட்காரட்டும். கடத்தல் கும்பலுக்குத் துணைபோகும் தன் அதிகாரிகளை மெக்சிகோ தண்டிக்கட்டும். 2005 சட்டத்தை அமெரிக்கா நீக்கட்டும்.