தோடு கழற்றிய ஜானகி

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரை நிறுத்தி, ‘கேப்டன்னா யாருங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் விஜயகாந்த் என்பார்கள். தப்பில்லை. 1991-ல் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்ததில் இருந்து ஒட்டிக்கொண்ட பட்டம், 2006-ல் அவர் விருத்தாசலம் எம்.எல்.ஏ. ஆனபோது சட்டசபைக்கும் கூடவே போனது. (அந்தப் படத்தில் அவர் ராணுவமே இல்லை, வனத்துறை அதிகாரி. அதை விடுங்கள்.)

அடுத்ததாக, ‘நிஜமாவே பட்டாளத்துல இருந்துட்டு, அப்புறம் நாடாளுமன்றத்துல உட்கார்ந்த தமிழ்ப் பொண்ணு யாருங்க?’ என்று கேளுங்கள். பஸ் வந்துவிட்டது என்று நழுவுவார்கள்.

ஜானகி. 1925-ல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1943-ல் நேதாஜி அங்கே பேசிய கூட்டத்தில், காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வயது 18. அப்பா சம்மதிக்கவில்லை. விடாமல் மல்லுக்கட்டி, ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அதன் இரண்டாம் தளபதியாக உயர்ந்தார். 1945-ல் ரங்கூனில் இருந்து பின்வாங்கும்போது குண்டுவீச்சுக்கு நடுவே ராத்திரி ராத்திரியாக நடை. நேதாஜியும் அந்தப் பெண்களோடுதான் நடந்தார். ஊர் திரும்பியதும் ஜானகி சும்மா உட்காரவில்லை. 1946-ல் மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014-ல் இறந்தார். இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்தது?

‘அவங்க மலேசியாக்காரங்க, நமக்கென்னங்க?’ என்பீர்கள். அப்படியா? மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப்போன ஜில்லாக்களில் நம்ம சேலமும் ஒன்று. ஜானகியின் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிய கை. அவர்கள் பெயராவது நம்மிடம் இருக்கிறதா? வாங்கின கடனைப் பேரேட்டிலேயே ஏற்றாத கம்பெனி மாதிரி இருக்கிறோம்.

சரி, வெளிநாட்டை விடுங்கள். அந்தப் படையின் தளபதி கேப்டன் லட்சுமி பிறந்தது சென்னையில், டாக்டருக்குப் படித்தது சென்னையில். அம்மா அம்மு சுவாமிநாதன் 1952-ல் திண்டுக்கல் எம்.பி. தாய்வீடு இதோ, வாளையாறு தாண்டி பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை. 2002 ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமுக்கு 9,22,884 ஓட்டு மதிப்பு. எதிர்த்து நின்ற லட்சுமிக்கு 1,07,366. தமிழன் ஜெயித்தான் என்று பட்டாசு வெடித்தோம். வெடிக்க வேண்டியதுதான். தோற்றவரும் நம்ம ஊர்ப் பெண் என்று ஒரு வார்த்தை பேசினோமா? ‘மலையாளிதானே’ என்று தள்ளிவிட்டோம். கோயமுத்தூர்க்காரன் பாலக்காட்டை அந்நியம் என்று சொன்னால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே சிரிக்கும்!

தீரன் சின்னமலைக்கு வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலை போய் மாலை போடுகிறோம். நல்ல காரியம். அடுத்த தடவை போகிறவர்கள், சீருடை போட்ட ஜானகி படம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். யாருங்க இந்தப் பொண்ணு என்று நாலு பேராவது கேட்பார்கள்.