ஃபியூஸ் ஒயரைக் காக்கும், உயிரைக் காக்குமா?

விறகு அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் காய்ச்சிய காலத்தில் புகை ஒன்றுதான் கஷ்டம். இப்போது எங்கள் கோவைப் பக்கம் குளியலறையில் கீசர், வசதி இல்லாத வீட்டில் பக்கெட்டில் ஹீட்டர் ராடு. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. இதற்கு ஏதாவது சட்டம் உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

உண்டு, தோழிகளே. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளிலேயே, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்பளு உள்ள வீடுகளில் கசிவைக் கண்டு கரண்டை நிறுத்தும் கருவி வேண்டும் என்று இருக்கிறது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் எல்லை. 2023-ல் திருத்தி எழுதிய விதிகளிலும் இது உண்டு. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள்.

"அதுதான் எம்.சி.பி. இருக்குதே" என்பீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனுஷர் உடம்பில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே நெஞ்சுத் துடிப்பு நின்றுவிடலாம். ஆக, ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரை. போன கரண்டு முழுசாகத் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்து, குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்துவது ஆர்.சி.சி.பி. மட்டுந்தான்.

அமெரிக்காவில் வீட்டில் வெந்நீர்த் தொட்டி வைக்கப் பல ஊர்களில் உள்ளாட்சி அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் இதே மாதிரிக் கருவி கட்டாயம். அங்கே 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டு நின்றுவிடும். தொட்டி அவர்களுக்கு ஆடம்பரம், நமக்குக் கீசர் அன்றாடம். ஆபத்து ஒன்றுதானே?

2024 மே மாதம் சரவணம்பட்டியில் குடியிருப்பு வளாகப் பூங்காவில் விளையாடிய இரண்டு குழந்தைகள் மின்சாரம் தாக்கி இறந்ததை எங்கள் ஊர்த் தாய்மார் யாரும் மறக்கவில்லை. கரண்டுக்குப் பெரியவர், சிறியவர் தெரியாது.

சட்டம் இருந்தும் கேட்பாரில்லை என்பதுதான் குறை. வாடகை வீடுகளில் இன்னும் மோசம். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "இத்தனை வருசமா யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றார். ஆன பிறகு வைத்து யாருக்கு லாபம்? விடாமல் கேட்டோம். கடைசியில் ஆளுக்குப் பாதிச் செலவு என்று முடிந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, போர்டில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அதை அமுக்கினால் கரண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கீசருக்கு எர்த் சரியாக இருக்கட்டும். ராடு, கீசர் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ராடு போட்டால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும் என்று கேட்டுத்தானே வீடு பார்க்கிறோம்? இதையும் சேர்த்துக் கேட்போம்.

- ஒரு வாசகி, சூலூர்.